கோஆக்ஸ் வழி மோக்கா நெட்வொர்க்: பொழுது சாய்ந்தால் இணைப்பு அறுகிறது, எங்கே தேடுவது?

தறிநூல்

எல்லோருக்கும் வணக்கம். சுவரை உடைத்து ஈதர்நெட் கேபிள் இழுக்க வழியில்லாத வீடு, அதனால் டிவிக்காக ஏற்கெனவே சுவருக்குள் ஓடும் கோஆக்ஸ் கேபிளையே நெட்வொர்க்குக்கும் பயன்படுத்துகிறேன். கோஆக்ஸில் நெட்வொர்க் தரவை அனுப்பும் மூன்று மோக்கா 2.5 அடாப்டர்கள் இருக்கின்றன. ஒன்று ரவுட்டர் பக்கத்தில், ஒன்று நான் வேலை பார்க்கும் அறையில், இன்னொன்று கூடத்து டிவிக்குப் பின்னால். இணையமும் கேபிள் வழிதான் வருகிறது, ஆகவே மோடமும் அதே லைனில்தான் இருக்கிறது.

ஓடும்போது குறையே சொல்ல முடியாது. ஆனால் வேலை அறையில் மட்டும் திடீரென்று இணைப்பு அறுந்து, சற்று நேரம் கழித்துத் தானாகவே திரும்பி வருகிறது. பகலில் அபூர்வம், பொழுது சாய்ந்துவிட்டால் திரும்பத் திரும்ப நடக்கிறது. முக்கியமான அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே இருப்பவர் உறைந்து நின்றுவிட்டால் எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடாப்டரை மாற்றிப் பார்க்கலாமா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வைஃபை மெஷ் போட்டுவிடலாமா?

மழைக்காடு

மெஷ் போட்டுவிடுங்கள். இந்த அடாப்டர்கள் நாள் முழுக்கச் சூடாகவே இருப்பவை, பவர் அடாப்டர் பலவீனமானால் இப்படித்தான் விட்டுவிட்டு வேலை செய்யும். என் வீட்டில் பவர் அடாப்டரை மாற்றியதுமே சரியானது.

செப்புக்கம்பி

தறிநூல், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மழைக்காடு சொல்வதும் நடக்கக்கூடியதுதான், ஆனால் அறுவது எந்த இடத்தில் என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டடி. உங்கள் கணினியிலிருந்து முதலில் ஓர் ஈதர்நெட் கேபிள் அடாப்டருக்குப் போகிறது, அடுத்தது சுவருக்குள் ஓடும் கோஆக்ஸ், பிறகு அந்தப் பக்க அடாப்டரிலிருந்து ரவுட்டருக்கு இன்னோர் ஈதர்நெட் கேபிள், அதற்கும் அப்பால் மோடமும் வெளி லைனும். இதில் எந்தத் துண்டு விழுந்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒரே அறிகுறிதான், 'நெட் போய்விட்டது'.

மாலையில் கணினியில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் இன்னொன்றில் வெளியே ஏதாவது ஒரு முகவரிக்கும் பிங் (பதில் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். அறும்போது வெளி பிங் மட்டும் நின்று ரவுட்டர் பிங் ஓடினால் குற்றம் மோடத்திலோ வெளி லைனிலோ, உங்கள் மோக்காவுக்கு அதில் பங்கே இல்லை. இரண்டும் நின்றால் வீட்டுக்குள். அந்த நேரத்தில் வேலை அறை அடாப்டரின் விளக்குகளைப் பாருங்கள். கோஆக்ஸ் விளக்கு அணைகிறதா, ஈதர்நெட் விளக்கு அணைகிறதா?

ஈதர்நெட் விளக்கு அணைந்தால் சுவருக்குள் தேடவே வேண்டாம். அந்தச் சிறு கேபிளை மாற்றுங்கள், கணினியின் நெட்வொர்க் கார்டில் மின்சாரம் மிச்சப்படுத்தும் வசதியை அணையுங்கள். 2.5 கிகாபிட் போர்ட்டுகளில் அந்த வசதி தொல்லை கொடுப்பதை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஓரவிழி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு டிஷ் ஆன்டெனா. அந்தக் கேபிளிலேயே மோக்கா அடாப்டரையும் மாட்டலாமா?

செப்புக்கம்பி

ஒரே கம்பியில் வேண்டாம் ஓரவிழி. டிஷ்ஷிலிருந்து ரிசீவருக்கு இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. வழக்கமான மோக்கா அடாப்டர்கள் 1125 முதல் 1675 வரை பேசுகின்றன. ஒன்று மற்றொன்றின் மேல் அப்படியே ஏறி உட்கார்ந்துவிடும். டிஷ்ஷோடு தொடர்பில்லாத தனி கோஆக்ஸ் கேபிள் அறைகளுக்கு இடையில் இருந்தால் அதில் தாராளமாக ஓட்டலாம். சாதாரண மொட்டைமாடி ஆன்டெனா என்றால் சிக்கலில்லை, அந்த டிவி சேனல்கள் எல்லாம் இதைவிட வெகு கீழே இருக்கின்றன.

தறிநூல்

சொன்னபடி செய்து பார்த்தேன். அறும்போது இரண்டு பிங்கும் சேர்ந்தே நிற்கின்றன. ஈதர்நெட் விளக்கு அசையவில்லை. வேலை அறையில் கோஆக்ஸ் விளக்குதான் அணைந்து எரிகிறது. கூடத்து அடாப்டரில் எப்போதாவது ஒரு சிமிட்டல், அவ்வளவுதான்.

செப்புக்கம்பி

நல்லது, பாதித் தேடல் முடிந்தது. அடுத்து அடாப்டரின் நிலைப் பக்கத்தைத் திறங்கள். பிரவுசரில் அடாப்டரின் முகவரியைப் போட்டால் வரும், கையேட்டில் முகவரி இருக்கும். அதில் எந்த அடாப்டரிலிருந்து எந்த அடாப்டருக்கு என்ன ஃபை ரேட், அதாவது கோஆக்ஸில் ஓடும் மூல வேகம், என்று ஒரு கட்டம் காட்டும். மோக்கா 2.5 நல்ல லைனில் 3500 மெகாபிட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஈதர்நெட் பக்கம் கிடைப்பது அதிகபட்சம் 2500 தான், மீதி உள்செலவுக்குப் போகிறது, அதனால் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதில் இரண்டு அறைக்கு நடுவில் எண் பாதியாகி நின்றால் அந்தப் பாதையில் சிக்னல் கசிகிறது அல்லது அடைபடுகிறது.

அப்புறம் இன்னொன்று. அந்தக் கட்டத்தில் எத்தனை முனைகள், அதாவது சேர்ந்திருக்கும் மோக்கா கருவிகள், தெரிகின்றன என்றும் எண்ணிச் சொல்லுங்கள். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை.

நெடுஞ்சாலை

இந்த இழையைப் படித்துக்கொண்டே என் வீட்டில் மாட்டினேன். எனக்கு வேறு கதை. அடாப்டரை ரவுட்டரில் சொருகியதும் வைஃபை உட்பட வீடு முழுக்க நெட்வொர்க் முடங்கிவிடுகிறது. ரவுட்டரின் எல்லா விளக்குகளும் வெறி பிடித்ததுபோல் சிமிட்டுகின்றன. கழற்றினால் சரியாகிவிடுகிறது.

செப்புக்கம்பி

உங்கள் ரவுட்டரிலேயே கோஆக்ஸ் துவாரம் இருக்கிறதா? அதிலும் கேபிள் மாட்டியிருக்கிறதா?

நெடுஞ்சாலை

ஆமாம். மோடம், ரவுட்டர் இரண்டும் ஒரே பெட்டி.

செப்புக்கம்பி

அப்படியானால் அந்தப் பெட்டிக்குள்ளேயே மோக்கா இருக்க நிறைய வாய்ப்பு. அது கோஆக்ஸ் வழியாக உங்கள் அடாப்டரோடு சேர்ந்துகொள்கிறது, அதே அடாப்டர் ஈதர்நெட் வழியாகவும் அதே பெட்டிக்குள் போகிறது. வட்டம் முழுமையாகிவிட்டது. ஒரு பொது அறிவிப்புப் பாக்கெட் உள்ளே வந்தால் அது சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். இரண்டில் ஒன்றுதான் வேண்டும். பெட்டியின் அமைப்புகளில் மோக்காவை அணைத்துவிட்டு அடாப்டரை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பெட்டியின் மோக்காவையே பயன்படுத்திக்கொண்டு இந்த அடாப்டரை வேறோர் அறைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே இருப்பது பழைய மோக்கா 2.0 என்றால் நான் முதலாவதைத்தான் செய்வேன்.

நெடுஞ்சாலை

அமைப்புகளில் மோக்கா 'இயங்குகிறது' என்றே இருந்தது. அணைத்ததும் அமைதியாகிவிட்டது. மிக்க நன்றி அண்ணா.

தறிநூல்

நிலைப் பக்கம் பார்த்துவிட்டேன். ரவுட்டர் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் 3500 பக்கம் வருகிறது. ரவுட்டர் அறைக்கும் வேலை அறைக்கும் நடுவில் 2000 கூட வருவதில்லை, அதுவும் ஒரே எண்ணில் நிற்பதில்லை.

முனைகளை எண்ணச் சொன்னீர்களே, பகலில் மூன்று. இரவில் நான்கு! நான்காவதன் முகவரி என் அடாப்டர்கள் எதிலும் ஒட்டியிருக்கும் முகவரியோடு பொருந்தவில்லை. அதன் ஃபை ரேட் மற்றதைவிட ரொம்பக் குறைவு. ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு வரி இருக்கிறது, இரவில் அந்த இடத்தில் இந்தப் புது முகவரிதான் தெரிகிறது.

மழைக்காடு

டிவி செட்டாப் பாக்ஸாக இருக்கும். பழைய பெட்டிகள் சிலவற்றில் மோக்கா 1.1 இருக்கும், இரவில் டிவி போடும்போது விழித்துக்கொள்ளும்.

செப்புக்கம்பி

மழைக்காடு சொல்வது சரியான சந்தேகம், முதலில் அதைத்தான் தீர்க்க வேண்டும். தறிநூல், நான்காவது முனை தெரியும்போது செட்டாப் பாக்ஸின் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். முனை மறைந்தால் அதுதான்.

மறையாவிட்டால் அடுத்த சோதனை. வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் கேபிளை, அதைப் பல கிளைகளாகப் பிரிக்கும் முதல் ஸ்ப்ளிட்டரின் உள்வாயிலில் கழற்றிவிடுங்கள். இணையம் போய்விடும், பரவாயில்லை. மோக்கா உங்கள் வீட்டுக் கம்பிக்குள்ளேயே ஓடுவது, அதற்கு வெளி லைன் தேவையே இல்லை. ரவுட்டருக்கு பிங் தொடர்ந்து ஓடட்டும். கழற்றிய வாயிலில் 75 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி அடிக்காமல் வாயிலை அடைக்கும் சிறு மூடி) இருந்தால் மாட்டுங்கள். அப்போது நான்காவது முனை மறைந்து, பிங்கும் அறாமல் ஓடினால், தொல்லை உங்கள் வீட்டிலிருந்து வரவில்லை.

தறிநூல்

செட்டாப் பாக்ஸைக் கழற்றினேன், முனை அப்படியே இருந்தது. வெளிக் கேபிளைக் கழற்றியதும் மறைந்துவிட்டது. மாலை முழுக்கக் குடும்பத்தாரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இணையம் இல்லாமலே வைத்திருந்தேன், ரவுட்டர் பிங் ஒரு தடவைகூட அறவில்லை.

அப்படியென்றால் அந்த முனை யாருடையது?

செப்புக்கம்பி

பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் யாரோ ஒருவருடையது. தெருவிலோ கட்டடத்திலோ ஒரே கிளைப்பெட்டியிலிருந்து பல வீடுகளுக்குக் கேபிள் பிரிகிறது. மோக்கா சிக்னலுக்கு வீட்டின் எல்லை எது என்று தெரியாது. உங்கள் வீட்டிலிருந்து வெளியேறி, கிளைப்பெட்டிக்குள் தாவி, பக்கத்து வீட்டுக்குள் இறங்கிவிடும். அங்கேயும் மோக்கா கருவி இருந்து, இரண்டு பக்கமும் கடவுச்சொல்லால் பூட்டும் குறியாக்கம் போடாமல் வைத்திருந்தால், இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். அவர் மாலையில் வீடு திரும்பி எதையோ இயக்குகிறார், உங்கள் தொல்லை தொடங்குகிறது.

அறுவது ஏன் வேலை அறையில் மட்டும் என்று கேட்பீர்கள். மோக்காவில் ஒரு முனை ஒருங்கிணைப்பாளராக இருந்து, யார் எப்போது பேச வேண்டும் என்று இடைவிடாமல் குறிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். கச்சேரியில் தாளம் போடுபவர் மாதிரி. தாளம் காதில் விழாதவரால் கூடப் பாட முடியாது. யார் தாளம் போடுவது என்பதைக் கருவிகளே தங்களுக்குள் தீர்மானித்துக்கொள்கின்றன. இரவில் அந்தப் பொறுப்பு பக்கத்து வீட்டுக் கருவியிடம் போய்விடுகிறது, அதன் சிக்னலோ கிளைப்பெட்டியைத் தாண்டித் தேய்ந்துபோய் வருகிறது. கூடத்து அடாப்டர் எப்படியோ பிடித்துக்கொள்கிறது. வேலை அறைப் பாதை ஏற்கெனவே நலிந்தது, அதனால் அதுதான் முதலில் விழுகிறது. ஆக இங்கே இரண்டு கோளாறு. ஒன்றை மட்டும் சரிசெய்தால் இன்னொன்று பின்னால் வேறு உருவத்தில் வரும்.

இன்னொரு விஷயத்தை நான் இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். ரவுட்டரில் எந்தெந்தக் கருவிகளுக்கு முகவரி கொடுத்திருக்கிறது என்ற பட்டியலை இன்றைக்கே பாருங்கள். கோஆக்ஸ் வழியாகச் சேர்ந்தவர் வைஃபை கடவுச்சொல் தெரியாமலே உங்கள் நெட்வொர்க்குக்குள் நிற்கிறார். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

தறிநூல்

பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒரு டிவியும் ஒரு பிரின்டரும் பட்டியலில் இருக்கின்றன. உள்ளபடியே பயமாக இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

செப்புக்கம்பி

இப்போதே வெளிக் கேபிளுக்கும் முதல் ஸ்ப்ளிட்டருக்கும் நடுவில் ஒரு மோக்கா ஃபில்டர் போட வேண்டும். பிஓஇ ஃபில்டர் என்றும் சொல்வார்கள், விரல் நீளத்தில் ஓர் உலோகக் குழாய், திருகி மாட்டுவது. கேபிள் டிவியும் மோடமும் பயன்படுத்தும் 5 முதல் 1002 மெகாஹெர்ட்ஸ் வரை வழிவிடும், அதற்கு மேலுள்ள மோக்கா சிக்னலைத் தடுக்கும். தடுப்பதோடு நிற்காமல் அந்தச் சிக்னலை வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பும், அதனால் ஸ்ப்ளிட்டரின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போகும் பாதையும் வலுப்படும். வெளியே போகவில்லை என்றாலும் இது ஒன்றுக்காகவே நான் எல்லா வீட்டிலும் போடச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் மோடம் டாக்சிஸ் 3.1 (கேபிள் மோடங்களுக்கான ஒரு தரநிலை) என்றால், சில லைன்களில் அது 1218 மெகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடும். அங்கே மோக்காவின் அடிப்பகுதியோடு மோதும், ஃபில்டரும் மோடத்தின் மேற்பகுதியைத் தின்றுவிடும். மோடத்தின் நிலைப் பக்கத்தில் 1002க்கு மேல் சேனல் இருந்தால் முதலில் ஓர் இருவழி ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரு கிளையை நேராக மோடத்துக்குக் கொடுத்துவிட்டு, மற்றக் கிளையில் ஃபில்டரும் அதற்குப் பின்னால் வீட்டின் மற்ற எல்லாமும் வர வேண்டும். அப்போது ரவுட்டர் பக்க அடாப்டரும் அந்த இரண்டாவது பக்கத்தில்தான் இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இனி வேலை அறைப் பாதை. அந்தக் கேபிள் முதல் ஸ்ப்ளிட்டரிலிருந்து நேராக அறைக்குப் போகிறதா, நடுவில் எங்காவது பிரிகிறதா? சுவர்ப் பலகைகளைக் கழற்றிப் பாருங்கள், பரணில் பாருங்கள். ஸ்ப்ளிட்டர் கிடைத்தால் அது தாங்கும் மெகாஹெர்ட்ஸ் வரம்பு அதன் மேல் அச்சடித்திருக்கும், படித்துச் சொல்லுங்கள்.

தறிநூல்

மோடத்தில் 1002க்கு மேல் எதுவும் இல்லை, ஃபில்டரை முதல் ஸ்ப்ளிட்டர் வாயிலிலேயே போட்டுவிட்டேன். நான்காவது முனை இரவிலும் வரவில்லை. இணைப்பும் அறவில்லை!

நீங்கள் சொன்னபடி தேடினால், வேலை அறைக்குப் போகும் வழியில் ஒரு சுவர்ப் பலகைக்குப் பின்னால் பழைய ஸ்ப்ளிட்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. '5-900' என்று போட்டிருக்கிறது. நான்கு கிளை, அதில் ஒன்று மட்டும்தான் எங்கோ போகிறது, மற்றவை வெறுமனே திறந்து கிடக்கின்றன. இதை எடுத்துவிட்டு 5-2400 என்று போட்ட ஒன்றை வாங்கட்டுமா? எண் பெரிதாக இருக்கிறதே.

மழைக்காடு

பெரிய எண்ணே நல்லது, எல்லாவற்றுக்கும் போதும்.

செப்புக்கம்பி

மழைக்காடு, இந்த இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 5-2400 பெரும்பாலும் டிஷ்ஷுக்காகச் செய்தது. அங்கே ஒரு கிளையின் சிக்னல் இன்னொரு கிளைக்குப் போகக் கூடாது என்பதுதான் வடிவமைப்பின் நோக்கம். மோக்காவுக்கு வேண்டியதோ நேர் எதிர், கிளையிலிருந்து கிளைக்குத் தாவ வேண்டும். மோக்காவுக்கென்று செய்த 5-1675 போதும், அதுவே சரி.

ஆனால் தறிநூல், உங்களுக்கு அதுகூட வேண்டாம் போலிருக்கிறது. ஒரே ஒரு கிளைதான் பயன்படுகிறது என்றால் அந்த இடத்தில் ஸ்ப்ளிட்டரே எதற்கு? இரண்டு கேபிளையும் ஒரு இணைப்பானால் நேராகச் சேர்த்துவிடுங்கள். நான்கு வழி ஸ்ப்ளிட்டர் தான் தாங்கும் அலைவரிசையிலேயே 7 டெசிபல் விழுங்கும், இருவழி 3.5 டெசிபல். மூன்று டெசிபல் போனால் சக்தி பாதி என்று வைத்துக்கொண்டால் இழப்பு எவ்வளவு என்று புரியும். தாங்காத அலைவரிசையில் எவ்வளவு போகும் என்று அதைச் செய்தவர்களே சொல்ல மாட்டார்கள். திறந்து கிடக்கும் கிளைகளோ சிக்னலைத் திருப்பி அடித்துக் குழப்பும்.

இணைப்பான் வாங்கும்போது 3 கிகாஹெர்ட்ஸ் வரை தாங்குவதாகப் பாருங்கள், பொதுவாக நடுவில் நீல வளையம் தெரியும். கனெக்டர்களையும் கையோடு பாருங்கள். நடுக்கம்பி கருத்திருக்கிறதா, உறையின் மெல்லிய இழை ஏதாவது நடுக்கம்பியைத் தொடுகிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா? பழைய திருகு வகை கனெக்டராக இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு அழுத்தி இறுக்கும் வகையைப் போடுங்கள். என் அனுபவத்தில் விட்டுவிட்டு அறும் மோக்காவில் பாதி இந்தக் கனெக்டரில்தான் முடியும்.

ஓரவிழி

வீட்டில் சிக்னல் பெருக்கி இருந்தால்? எனக்கு டிஷ் இல்லாத இன்னொரு லைனில் ஒன்று தொங்குகிறது.

செப்புக்கம்பி

சாதாரணப் பெருக்கி ஒரு வழிப்பாதை, மோக்கா அதைத் தாண்டித் திரும்ப முடியாது. மோக்காவைத் தாங்கும் என்று குறிப்பிட்ட பெருக்கியாக இருக்க வேண்டும். டிவி படம் அது இல்லாமலே தெளிவாக வந்தால் கழற்றிவிடுவதே மேல். மின்னல் தடுப்புப் பெட்டிகளிலும் கோஆக்ஸ் துவாரம் இருக்கும், அவற்றில் பல 1000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வழிவிடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தறிநூல்

அந்த ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு நேராகச் சேர்த்தேன், இரண்டு முனையிலும் புதுக் கனெக்டர் போட்டேன். வேலை அறை இப்போது 3400க்கு மேல், எண்ணும் அசையாமல் நிற்கிறது. முதல் ஸ்ப்ளிட்டரில் காலியாக இருந்த கிளைக்கு டெர்மினேட்டரும் மாட்டியாயிற்று. ரவுட்டர் பட்டியலில் அந்த டிவியும் பிரின்டரும் மறைந்துவிட்டன.

குறியாக்கமும் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு அடாப்டரில் கடவுச்சொல்லை மாற்றினால் மற்றதெல்லாம் தொடர்பு அறுந்துவிடுமே, எந்த வரிசையில் செய்வது?

செப்புக்கம்பி

ஃபில்டர் இருந்தாலும் போடுவதுதான் சரி, நாளைக்கு யாராவது பழுது பார்க்க வந்து ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் போகலாம். ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தால் தொலைவில் இருப்பதை முதலில் மாற்றுங்கள். வேலை அறை அடாப்டரின் பக்கத்தைத் திறந்து கடவுச்சொல்லைப் போட்டுச் சேமித்ததும் அது தொடர்பிலிருந்து விழுந்துவிடும், பயப்பட வேண்டாம். அடுத்து கூடத்து அடாப்டர், அதுவும் விழும். கடைசியாக ரவுட்டர் பக்கத்தில் இருப்பதை மாற்றினால் மூன்றும் ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்ளும். கடவுச்சொல் மூன்றிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும், சில அடாப்டர்கள் எண்களை மட்டுமே ஏற்கும். ஏதாவது ஒன்று சேராமல் அடம்பிடித்தால் அதை ஒரு சிறு கோஆக்ஸ் துண்டால் ரவுட்டர் பக்க அடாப்டரோடு நேராக இணைத்துப் பாருங்கள், அங்கேயும் சேராவிட்டால் கடவுச்சொல்லில்தான் ஏதோ பிசகு.

தறிநூல்

அதே வரிசையில் போட்டேன், மூன்றும் சேர்ந்துவிட்டன. தலைப்பில் 'தீர்ந்தது' என்று சேர்த்துவிடுகிறேன். செப்புக்கம்பி அண்ணா, மழைக்காடு, இருவருக்கும் மனமார்ந்த நன்றி.